மதா, மத்தா

உள்செருப்பையும் கழற்றச் சொல்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் தெருச்செருப்பைக் கழற்றி, பையில் கொண்டுவந்த உள்செருப்பை மாட்டிக்கொண்டு, வழுக்குகிற தரையில் வாத்து மாதிரி நடந்து வந்தது போதாதாம், மேடையின் மரப்படியில் ஏறும்போது டப் டப்பென்று சத்தம் வருமாம், வெறும் காலுறையோடு ஏறவேண்டுமாம். சத்தம். இந்தத் தோக்கியோவில் எந்தப் பேச்சும் கடைசியில் சத்தத்தில் வந்துதான் நிற்கும். ஏறுகிறேன். காலுறைக்குள் மெட்டி நெருக்குகிறது, விரலைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, கடிக்கட்டும், இன்றைக்கு எனக்கும் எதையாவது கடிக்கவேண்டும் போலத்தான் இருக்கிறது. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, எல்லா அம்மாக்களும் ஒரே மாதிரி, ஹோட்டல் சர்வர்கள் படம் எடுக்க நின்றதுபோல, அதில் ஒருத்திக்கு மட்டும் இடுப்புவரை பின்னல். அது நான். ஊரில் மங்கையர்க்கரசி, இங்கே மங்காய்-சான், சான் என்பது இவர்கள் பெயரோடு ஒட்டுகிற மரியாதை. வாயில் நுழையட்டும் என்று மங்கை எனச் சுருக்கிக் கொடுத்தேன், மாங்காய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், நானும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். கீழே விளையாட்டுக் கூடம் முழுக்கப் பிள்ளைகள், கூடைப்பந்து வளையங்களை மேலே மடக்கிக் கட்டியிருக்கிறார்கள், தரை மெழுகு வாசனை அடிக்கிறது. இன்று இந்த நடுநிலைப் பள்ளியின் பாட்டு விழா. வகுப்புக்கு ஒரு பாட்டாகப் பிள்ளைகள் பாடி முடித்துவிட்டார்கள், உள்ளே ஓர் அறையில் நடுவர்கள் மதிப்பெண் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் கூட்டி முடிக்கும்வரை கூடம் சும்மா கிடக்கக்கூடாதே என்று அம்மாக்கள் ஒரு பாட்டுப் பாடவேண்டும். இட்டு நிரப்பத்தான் நாங்கள். அதற்குக் கோடை முழுக்க ஒத்திகை. என் மகள் கயல்விழி எங்கே, அதோ, தூணுக்குப் பக்கத்தில், குனிந்து தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அம்மா ஏறுவதைப் பார்த்தால் கண் அவிந்துவிடும்போல. அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், மேடையில் நிற்பேன், ஆனால் பாடமாட்டேன் என்று.

பாடமாட்டேன் என்றால், வாய் அசையும், சத்தம் வராது. அதற்கு இவர்கள் பாஷையில் ஒரு பெயரே இருக்கிறது, கயல்தான் சொன்னாள், "அம்மா, நீ போவேணாம்னு நான் சொல்லல, போ, நில்லு, குச்சிபாக்கு மட்டும் பண்ணு." "என்னது பாக்கு?" "குச்சிபாக்கும்மா. வாய மட்டும் அசைக்கது. டிவியில பாடுதவங்ககூடப் பண்ணுவாங்க." "நான் என்ன வெத்தல பாக்கா போடுதேன், வாய மட்டும் அசைக்கதுக்கு?" சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "என் கிளாஸ் ஹினா எல்லார் முன்னாடியும் உன்ன மாதிரியே மதா மதான்னு பாடிக் காட்டுதாம்மா. எல்லாரும் சிரிக்காங்க. இது எனக்குக் கடைசி வருஷம்மா, ப்ளீஸ்." கேலி செய்தால் திருப்பிக் கேலி செய்வேன், கோபப்பட்டால் அதைவிடக் கோபப்படுவேன், கெஞ்சினால் என்ன செய்வது. "சரி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு எனக்குக் கோபம் வந்துவிட்டது, அவளுக்கும் ஏன் வந்தது என்று தெரியவில்லை, அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போகிறாள், கழுவி வைக்கிறாள், அவ்வளவுதான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது சண்டை வந்தால் சுண்டுவிரலை நீட்டுவாள், "போ, ஒங்கூட காய்." கோபம் தீர்ந்தால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டி நீட்டவேண்டும், அது பழம், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் சட்டம் அது, நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இங்கே வந்ததும் கயல் என்ற பெயர் பள்ளிக்கூடத்தில் காயா ஆனது, காயா-சான், பரீட்சை முடிந்து வரும்போதெல்லாம் வாசலிலேயே நிறுத்திக் கேட்பேன், "ஏட்டி, காயா பழமா?" தலையில் அடித்துக்கொள்வாள், ஆனாலும் பழம் என்று சொல்லாமல் உள்ளே வரமாட்டாள். இப்போது பதினைந்து வயசுக்காரி சுண்டுவிரலா நீட்டுவாள், தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அதையும் சத்தம் வராமல் சாத்துகிறாள்.

நிஷிமுரா-சான் கையைத் தூக்கிவிட்டாள். அவளும் ஓர் அம்மாதான், கையசைத்து எங்களை நடத்துகிறவள், கட்டைவிரல் அளவுக்குக் குரல், ஆனால் கையைத் தூக்கினால் கூடம் மூச்சை அடக்கிக்கொள்ளும். பியானோ தொடங்குகிறது. சொட்டுச் சொட்டாக, மழை விட்ட பிறகு கூரையிலிருந்து விழுகிற மாதிரி, பாட்டு தொடங்குவதற்கு முன்பே மனசைக் கரைத்துவிடவேண்டும் என்று திட்டம் போட்டே செய்திருக்கிறார்கள். இந்தப் பள்ளியில் எப்போதோ இருந்த ஒரு பாட்டு வாத்தியார் பள்ளிக்கென்றே எழுதியதாம். ஆற்றுப் பாலத்தில் நின்று தோழர்கள் பிரிகிறார்கள், பிரியும்போது மறுபடி சந்திப்போம் என்கிறார்கள், கதை அவ்வளவுதான், ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் அழுகிறார்கள். விழாவுக்கு என்ன பாட்டு எடுக்கலாம் என்று பிள்ளைகள் யோசிக்கும்போதே அழவைக்குமா என்றுதான் முதலில் பார்ப்பார்களாம், கயல் சொன்னாள். அப்பா செத்தாலும் குனிந்து வணங்கிவிட்டு அமைதியாக நிற்கிற ஜனம் பள்ளிக்கூடப் பாட்டுக்கு மட்டும் கர்ச்சீப் எடுத்துக்கொண்டு வருகிறது. முதல் வரி. எல்லோர் வாயும் திறக்கிறது, என் வாயும் திறக்கிறது, எல்லோர் வாயிலிருந்தும் வருகிறது, என் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. மீன் தொட்டிக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது. இந்தத் தொண்டையா. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் மைக் வேலை செய்யாவிட்டால் மங்கையைக் கூப்பிடு என்பார்கள், ரோட்டில் போகிற பஸ்காரன் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டை இங்கே வந்து ரயிலில் போன் பேசக்கூடாது, மாடிப்படியில் கூப்பிடக்கூடாது, கடையில் கயலிடம் புளி இருக்கா பாரு என்று கேட்டால் "அம்மா, மெதுவா" என்று முழங்கையில் இடி வாங்கவேண்டும், குக்கர் விசில் அடிக்கப்போகிறது என்றால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தவேண்டும். குறைத்துக் குறைத்து இப்போது அடைத்தே விட்டார்கள். இல்லை, இவர்கள் யாரும் அடைக்கவில்லை, பக்கத்தில் நிற்கிற ஓகினோ-சான்தான் "மங்காய்-சான், உங்கள் குரல் எங்களுக்கு வேண்டும்" என்று வீட்டுக்கே வந்து கூப்பிட்டவள். அடைத்தது என் மகள்.

அடைத்தது மகள்கூட இல்லை, ஒரு எழுத்து. ஹிரகானா எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் பாட்டின் வேகத்துக்குக் கண் ஓடாது, அதனால் பாட்டு முழுவதையும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன், கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத்தான் செய்தேன். கடைசி வரியில் மூன்று தடவை வருகிறது, மறுபடி சந்திக்கலாம், மறுபடி சந்திக்கலாம், மறுபடி சந்திக்கலாம். மறுபடி என்பதற்கு அவர்கள் சொல்வதை நான் மதா என்று எழுதினேன். நம் நாக்குக்கு மாதம், பாதி, வீதி எல்லாவற்றிலும் நடுவில் வருகிற த மெத்தென்றுதான் வரும், மெத்தென்று சொன்னால் அது அவர்களுக்கு வேறே வார்த்தை, இன்னும் என்று அர்த்தம். பாலத்தில் நின்று கண்ணீரோடு பிரிகிறவர்களைப் பார்த்து நான், இன்னும் சந்திக்கலாம், இன்னும் சந்திக்கலாம் என்று தொண்டை கிழியப் பாடியிருக்கிறேன், ரயிலைத் தவறவிட்டுவிட்டு வந்து நிற்கிறவளைப்போல. ஓகினோ-சான் மெதுவாகக் காதில் சொன்னாள், மென்மை வேண்டாம், அழுத்தம் வேண்டும் என்று. அழுத்தம்தானே, எங்களிடம் இல்லாத அழுத்தமா, வீட்டுக்குப் போய் ஒரு த்-ஐச் சேர்த்து மத்தா என்று எழுதிக்கொண்டேன், மத்தாப்பு மாதிரி. அடுத்த ஒத்திகையில் கொளுத்தினேன். மத்தா என்றால் காத்திருந்தேன் என்று அர்த்தமாம். இந்தத் தடவை நிஷிமுரா-சான்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு த் வைத்தால் காத்திருந்தேன், எடுத்தால் இன்னும், நடுவில் இருக்கிற மறுபடிக்கு என் எழுத்தில் இடமே இல்லை. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, தெரியும், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அதில் ஒரு அம்மா வீட்டில் போய்ச் சிரிப்போடு சொல்லியிருக்கிறாள், அவள் மகள்தான் ஹினா.

இரண்டாவது பாதி வந்துவிட்டது. நான் இன்னும் பாக்கு மென்றுகொண்டிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், எனக்கு இப்போது அந்த எழுத்து வரும். ஒருத்தருக்கும் தெரியாது, வரும். அன்று சரி என்று சொன்ன கையோடு வந்த அந்தச் சண்டையில்தான் கிடைத்தது. பாட்டுத்தாளை மேஜையிலிருந்து கயல் வெடுக்கென்று எடுத்தாள், "இனிமே இதப் பாத்துப் பாடாத, இதுனாலதான் எல்லாம்" என்று, நான் கையை நீட்டி "தா!" என்றேன். "தா!" இரண்டு தடவை. தந்துவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது அந்தத் தா என் காதிலேயே நின்றது. தா. கொடு என்கிற தா. மெத்தென்றும் இல்லை, இரட்டையும் இல்லை, தலை, தங்கம், தண்ணீர் என்று வார்த்தையின் வாசலில் நிற்கிற த, அதுதான் இவர்கள் கேட்கிற த. நான் ஒரே வார்த்தையாக எழுதியதுதான் தப்பு. ம என்று சொல்லிக் கொஞ்சம் நின்று, புதுசாக ஆரம்பிப்பதுபோல, தா. ம தா. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன், வந்தது, மறுபடியும் சொன்னேன், வந்தது, வெங்காயக் கண்ணீரோடு அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். ஓடிப்போய்க் கயலிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது, அவள் அறைக்கதவு சாத்தியிருந்தது, சொல்லவில்லை. என்ன பிரயோஜனம், கிடைத்த பிறகு வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால்தான் என்ன. திறக்கலாம். ஆனால் படபடப்பில் பழைய மதா வந்துவிட்டால், இத்தனை பேருக்கு நடுவில், ஹினா திரும்பிக் கயலைப் பார்த்துச் சிரித்தால், அதற்குப் பிறகு அவள் என்னிடம் வாசலில் நின்று பழம் என்று சொல்வாளா, அடுத்த பங்குனியில் இந்தப் பள்ளிக்கூடம் முடிந்து ரயிலேறிப் பெரிய பள்ளிக்கூடம் போகப்போகிறவள், இந்த நாளை என்னைப் பற்றிய ஞாபகமாகக் கொண்டுபோய்விட்டால். வேண்டாம். வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். மெல்லு.

இடது பக்கம் என்னமோ ஆகிறது. ஓகினோ-சானின் தோள் குலுங்குகிறது. பாலம் வந்துவிட்டது, பாட்டில் பாலம் வரும் இடம், ஒத்திகையில் எப்போதும் இவள் இங்கேதான் உடைவாள், அதனால்தான் நிஷிமுரா-சான் சட்டம் போட்டிருந்தாள், அழுவதெல்லாம் பாடி முடித்த பிறகு, கர்ச்சீப் இடதுபக்கப் பையில், முடியும்வரை தொடக்கூடாது. ஓகினோ-சான் தொடவில்லை பாவம், கண்ணீர் வழிந்து சட்டைக் காலரில் இறங்குகிறது, வாய் கோணுகிறது, குரல் போய்விட்டது. அவளைப் பார்த்து முன்வரிசைக்காரி. அவளைப் பார்த்து அடுத்தவள். வரிசையாகச் சாய்கிறார்கள், ஒரு வீட்டில் கரண்ட் போனதும் தெருவே இருட்டாவதுபோல ஒவ்வொரு குரலாக அணைகிறது. ஒத்திகையில் இப்படி ஆனதில்லை, ஒத்திகையில் முன்னால் பிள்ளைகள் இல்லை, இப்போது ஒவ்வொருத்தியும் தன் பிள்ளை எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டாள், அதுதான் கெடுத்தது. நிஷிமுரா-சானாவது திடமாக இருப்பாள் என்று பார்த்தால் அவள் கை காற்றில் போய்க்கொண்டிருக்கிறது, முகம் மட்டும் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. நான் ஏன் அழவில்லை. சீரியலில் கல்யாணம் நின்றாலே அழுகிறவள். ஏனென்றால் நாக்கைக் காவல் காக்கிறவளுக்கு அழ நேரம் கிடையாது, கோடை முழுக்க இவர்கள் அர்த்தத்தைப் பாடினார்கள், நான் த-வைக் காத்தேன். இந்த மேடையில் முழுசாக இருக்கிற தொண்டை ஒன்றே ஒன்றுதான், அது பாக்கு மென்றுகொண்டிருக்கிறது. பியானோ தனியாகப் போகிறது. கடைசி வரிக்கு ஏறுகிறது. யாரும் இல்லை. கீழே பிள்ளைகள் நெளிகிறார்கள், யாரோ ஒரு பையன் சிரிப்பை அடக்குகிறான், ஓகினோ-சானின் மகள் கையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். ஐயோ, இவர்களுக்கும் அதேதான், இந்தப் பிள்ளைகளும் அவரவர் அம்மாவை நினைத்துக் கூசிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள், என் மகள் மட்டும் இல்லை. நிஷிமுரா-சானின் கண் என்னைப் பிடித்துவிட்டது. என் காய்ந்த கண்ணைப் பார்த்துவிட்டாள். கை என் பக்கம் திரும்புகிறது, உள்ளங்கை மேலே பார்க்க, யாசகம் கேட்கிற மாதிரி. தா என்கிறது அந்தக் கை.

ம. நின்றேன். தா. போய்விட்டது, என் வாயை விட்டுப் போய்விட்டது, கூடத்தின் அந்தப் பக்கச் சுவரில் மோதித் திரும்பி வருகிறது, என் குரலா இது, எத்தனை வருஷமாயிற்று உன்னைப் பார்த்து, எங்கேயடி இருந்தாய். மறுபடி சந்திக்கலாம். சுத்தமாக வந்தது, தங்கத்தில் வருகிற த. மெட்டிக் கால் படியை அழுத்துகிறது, வயிற்றிலிருந்து வருகிறது, நெஞ்சு திறந்து கிடக்கிறது. இரண்டாவது தடவை, ம, தா, இன்னும் ஒரு படி மேலே, இதுவும் சுத்தம், கயலு, கேட்டியா, அம்மாவுக்கு வருதுட்டி. பக்கத்தில் ஓகினோ-சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் குரலைப் பிடித்து எழுந்திருக்கிறாள், முன்வரிசை எழுந்திருக்கிறது, ஒவ்வொன்றாக வருகிறார்கள், வாருங்கள், வாருங்கள், நான் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்றாவதுதான் உச்சம். அதை எடுக்கப்போகும்போது கயல் தலையைத் தூக்கினாள். நேராக என்னைப் பார்த்தாள். முகத்தில் இருப்பது கோபமா வேறு எதுவுமா தெரியவில்லை, என் பிள்ளை முகம், எவ்வளவு நாளாகிவிட்டது அது என்னைப் பார்த்து. அவ்வளவுதான், காவல் போய்விட்டது, நாக்கு தன் வீட்டுக்குப் போய்விட்டது. மதா. தெளிவாக, மெத்தென்று, கூடம் அதிர, மதா. இன்னும். இன்னும் சந்திக்கலாம். பங்குனிக்கு இன்னும் நாள் இருக்கிறது, நீ இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறாய், பக்கத்து அறையில், கதவுக்கு அந்தப் பக்கம். தப்பு வந்துவிட்டது என்று மூளைக்குத் தெரிகிறது, தொண்டை கேட்கமாட்டேன் என்கிறது, விட்டால் இன்னும் நீட்டும். நீட்டினேன். ஓகினோ-சானும் என் பின்னாலேயே வந்து மதா என்றே பாடிவிட்டாள், அவளுக்குமா இன்னும், முன்வரிசைக்காரிகள் எதைப் பாடினார்கள் என்று யாருக்குத் தெரியும், எல்லாம் சேர்ந்து ஒரே குரலாகப் போனது, பியானோ வந்து அதைக் கீழே இறக்கி வைத்தது.

யாரும் சிரிக்கவில்லை. கைதட்டல் முதலில் பின்னால் அப்பாக்கள் நிற்கிற பக்கமிருந்து வந்தது, அதில் என் வீட்டுக்காரர் கைதட்டுவதை நான் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பேன், கோயில் தேர் நிலைக்கு வந்ததுபோலத் தட்டுவார், பிறகு பிள்ளைகள் பக்கமிருந்து வந்தது, அது நிற்கவே இல்லை. இப்போதுதான் எனக்குக் கண்ணீர் வந்தது, எல்லோரும் அழுது முடித்த பிறகு, ஓகினோ-சான் தன் ஈரக் கர்ச்சீப்பை என் கையில் திணித்தாள். "மங்காய்-சான், கடைசியில் மதா என்று பாடினீர்கள்." "நீங்களும்தான்." "ஆமாம்," என்றாள், "அதுதான் சரி." பள்ளிக்கூடத்துப் போட்டோக்காரர் முன்னால் வந்து கேமராவைத் தூக்கினார். இந்த ஊரில் கேமராவைத் தூக்கினால் போதும், சின்னவர் பெரியவர் எல்லோரும் இரண்டு விரலை விரித்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். அழுத கண்ணோடு அம்மாக்கள் விரித்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு அங்கேயிருந்து விரித்தார்கள், ஹினா மூக்கு சிவந்துபோய் அழுதுகொண்டே இரண்டு கையிலும் விரித்தாள். அவள் பக்கத்தில் கயலும் கையைத் தூக்கினாள். போட்டோவுக்குத்தான் என்று ஒரு நொடி என் மனசு கணக்குப் போட்டது, ஏமாறாதே என்றது. பிறகு நன்றாகப் பார்த்தேன். அவள் விரல்கள் விரியவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டியிருந்தன, கை முகத்துக்குப் பக்கத்தில் இல்லை, என்னை நோக்கி முழுசாக நீண்டிருந்தது, வாய் அசைந்தது, அத்தனை கைதட்டலில் சத்தம் எங்கே கேட்கும், ஆனால் குச்சிபாக்கில் எனக்குப் படிக்கத் தெரியாத வார்த்தையா அது. பழம். நானும் நீட்டினேன். அம்மாக்கள் எல்லோரும் விரித்த விரலோடு நிற்கிற அந்தப் படத்தில் எனக்கு மட்டும் இரண்டு விரலும் ஒட்டியிருக்கும்.